முதுமையிற் குன்றும் பார்வையும் அதற்கு மருந்து தேடிய வரலாறும்

மனிதனுக்கு வாய்த்த பொறிகள் ஐந்தனுள்ளும் கண்ணே தலையாயது என்பர் பெரியோர். அன்புடையாரைக் 'கண்ணே' என விளிப்பதும், அரிய பொருளைக் 'கண்ணெனக் காத்தல்' வேண்டும் எனக் கூறுவதும் நம் மொழியின் மரபு. இவ்வாறு போற்றப்படும் கண், முதுமையெய்திய காலத்து ஓசையின்றி ஒளி குன்றுவதற்குக் காரணமான ஒரு நோயைப் பற்றியும், அதற்கு மருந்து தேடிய அறிஞர் முயற்சியைப் பற்றியும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம். தமிழ் பயிலும் மாணவன் மருத்துவம் பேசப் புகுந்தது ஏன் என்று கேட்பார்க்கு முதற்கண் விடை கூறுதல் என் கடமையாகும்.

என் பாட்டியாருக்கு அகவை எண்பத்திரண்டு. வைகறையில் எழுந்து, வேதாகமத்தில் ஓர் அதிகாரத்தை உரக்கப் படித்த பின்னரே அடுக்களைக்குச் செல்வது அவர்தம் நெடுநாள் வழக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், "சன்னற் கம்பியெல்லாம் கோணலாய்த் தெரிகிறதே" என்றார். வீட்டிலிருந்தோர் நகைத்தோம். "பழைய வீடுதானே, பாட்டி! கம்பியும் வளைந்திருக்கும்" என்று விடையிறுத்தவன் யானே. சின்னாட் கழிந்தபின், படிக்கும் வரியின் நடுவில் ஒரு கருமை படிந்து எழுத்தை மறைக்கின்றது என்றார். கண்புரை போலும் என எண்ணி, விடுமுறை வரட்டும் என்று காத்திருந்து, அதன்பின்னரே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். கண்ணைச் சோதித்த மருத்துவர், வலக்கண்ணின் உள்ளே தழும்பு விழுந்துவிட்டதென்றும், அக்கண்ணுக்கு இனி மருந்தாற் பயனில்லை என்றும், தொடக்கத்தில் வந்திருப்பின் பெரும்பாலும் காத்திருக்கலாம் என்றும் கூறினார். திரும்பி வரும் வழியிற் பாட்டியார் என்னை நோக்கி, "இதற்கு மருந்தே கிடையாதா, ஐயா?" என்றார். விடை அறியாது வாளாவிருந்தேன். அவ்வினாவுக்கு விடை தேடிப் படித்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை.

நோயின் இயல்பு

கண்ணை நிழற்படப் பெட்டிக்கு ஒப்பிடுதல் வழக்கம். முன்புறத்துள்ள வில்லை ஒளியைக் குவிக்கின்றது. பின்புறத்து உட்சுவரிற் படர்ந்துள்ள விழித்திரை அவ்வொளியை ஏற்று, நரம்பின் வழியே மூளைக்குச் செலுத்துகின்றது. வில்லை மங்குதலே கண்புரையாம். மங்கிய வில்லையை அகற்றி வேறொன்றை வைத்துவிடலாம். விழித்திரையோ மூளையின் கிளையை ஒத்தது. அதனை எடுத்து மாற்றுதல் இயலாது.

அத்திரையின் நடுவில், ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அகலத்தில் மஞ்சட்புள்ளி என்னும் இடம் உள்ளது. அளவிற் சிறிதாயினும், எழுத்துகளைப் படிப்பதும், முகங்களை அடையாளங் காண்பதும், ஊசியில் நூல் கோப்பதும் இவ்விடத்தின் உதவியாலேயே நிகழ்கின்றன. முதுமையில் இப்புள்ளி சிதைவதே நாம் எடுத்துக்கொண்ட நோய். இதனால் உலகம் முழுவதும் இருண்டுவிடுவதில்லை; ஓரப் பார்வை எஞ்சி நிற்கும். நோயாளர் சுவரோரமாக நடந்து செல்வர். ஆயினும் எதிரே நிற்கும் பேரனின் முகத்தை அறியார். நோவு சிறிதும் இன்மையாலும், ஒரு கண்ணின் குறையை மற்றொரு கண் மறைத்துவிடுவதாலும், நோய் வந்தமை பலர்க்கு நெடுநாள் தெரிவதேயில்லை.

இந்நோய் இருவகைப்படும். முதலாவது உலர் வகை. விழித்திரைக்கு அடியில் மஞ்சள் நிறப் படிவுகள் தோன்ற, திரைக்கு உணவூட்டும் அடுக்கும், ஒளியுணரும் அணுக்களும் மெல்ல மெல்ல அழியும். இது பல ஆண்டுகளில் நிகழ்வது. இரண்டாவது ஈர வகை. திரைக்கு அடியிலிருந்து புதிய குருதிக் குழல்கள் முறையின்றி முளைத்து, நீரையும் குருதியையும் கசியவிட்டுத் திரையைப் புடைக்கச் செய்யும். நேர்கோடுகள் கோணலாய்த் தோன்றுவது இதனாலேயாம். நோயுற்றோரிற் பத்தில் ஒரு பங்கினரே ஈர வகையினர் எனினும், சில கிழமைகளிலோ திங்களிலோ பார்வையைப் பறிப்பது இவ்வகையே. கசிவு நீடிப்பின் தழும்பாகும். தழும்பானபின் அவ்விடத்துப் பார்வை மீளாது. முதுமையும், குலவழியும், புகை பிடித்தலும் இந்நோய்க்கு ஏதுக்கள் என அறிஞர் கண்டுள்ளனர்.

பகைப்பொருளைக் கண்ட வரலாறு

ஈர வகைக்கு முதலில் இருந்த மருத்துவம் லேசர் ஒளியாற் சுடுதலே. அது கெட்ட குழலைச் சுடுங்கால் மேலிருந்த நல்ல திரையையும் உடன் சுட்டது. 2000-ஆம் ஆண்டில் வெர்ட்டிபோர்பின் என்னும் மருந்து வந்தது. இதனைக் கையின் நாளத்திற் செலுத்தி, பின்பு கண்ணில் மெல்லிய ஒளியைப் பாய்ச்சி, அக்குழல்களை அடைக்கச் செய்தனர். இதனாற் பார்வை குன்றும் வேகம் தணிந்தது. இழந்த பார்வை மீண்டவர் சிலரே. இவையெல்லாம் முளைத்த குழலை அழிக்கும் முயற்சிகள். குழல் ஏன் முளைக்கின்றது என்னும் வினாவுக்கு விடை கண்டாலன்றி நல்ல மருந்து பிறத்தற்கு இல்லை.

அவ்வினாவுக்குரிய முதற் குறிப்பு 1948-ஆம் ஆண்டிலேயே கிடைத்தது. ஐசக் மைக்கேல்சன் என்னும் கண் மருத்துவர், விழித்திரையிற் குழல்கள் வளரும் முறையை ஆராய்ந்து, திரையிலிருந்து பரவும் ஏதோ ஒரு பொருள் அவற்றை வளர்க்கின்றது எனக் கருதினார். அப்பொருள் இன்னதெனக் காட்ட அவர்க்கு வழி இருந்ததில்லை. பின்னர் 1971-இல் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவரான ஜூடா போக்மன் என்பார், புற்றுநோய்க் கட்டி தனக்கெனப் புதிய குருதிக் குழல்களை வருவித்துக்கொண்டே பெருக்கின்றது என்றும், அக்குழல்களைத் தடுப்பின் கட்டியை ஒடுக்கலாம் என்றும் எழுதினார். அக்கருத்தை ஐயுற்றோர் பலர். ஆயினும் அவர் தம் ஆராய்ச்சியைக் கைவிட்டாரல்லர்.

1989-ஆம் ஆண்டில், இத்தாலியிற் பிறந்து அமெரிக்காவில் ஜெனன்டெக் என்னும் மருந்துக் குழுமத்தில் ஆராய்ச்சி செய்துவந்த நெப்போலியோனே பெராரா, குழல்களை வளர்க்கும் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அதற்கு வி. ஈ. ஜி. எப். என்று பெயர். குழல்களைக் கசியச் செய்யும் பொருளாக 1983-இல் வேறு அறிஞர் கண்டிருந்ததும் இதுவே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஒரே பொருள் குழலை வளர்க்கவும் கசிவிக்கவும் வல்லது. ஈர வகை நோயின் இரு தீங்குகளும் இவையே அன்றோ! புற்றுநோயை ஆராய்ந்த வழியிலே கண்ணோயின் திறவுகோல் கிடைத்த விந்தை இது.

அதன்பின் வேலை விரைந்தது. அப்புரதத்தைப் பற்றிப் பிடித்துச் செயலறச் செய்யும் எதிர்ப்பொருள் ஒன்றை ஆக்கினர். பெவசிசுமாப் என்னும் அம்மருந்து 2004-ஆம் ஆண்டு பெப்ருவரியிற் பெருங்குடற் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு திசம்பரிலேயே, அப்புரதத்தைத் தடுக்கும் வேறொரு மருந்தாகிய பெகாப்டனிப், கண்ணினுள்ளே ஊசியாற் செலுத்துதற்கு ஒப்புதல் பெற்றது. முழு எதிர்ப்பொருள் பருமனாதலின் விழித்திரையை ஊடுருவாது எனக் கருதிய ஜெனன்டெக் குழுமத்தார், அதன் ஒரு துண்டை மட்டும் சீராக்கி ராணிபிசுமாப் என்னும் மருந்தை ஆக்கினர். அது 2006-ஆம் ஆண்டு சூனில் ஒப்புதல் பெற்றது.

கண்ணில் ஊசி என்றதும் படிப்போர் அஞ்சுதல் இயல்பே. உணர்விழக்கச் செய்யும் துளிகளை முதலில் விட்டு, கண்ணைத் தூய்மை செய்து, வெண்விழியின் வழியே மிக நுண்ணிய ஊசியாற் சிறிதளவு மருந்தை உட்செலுத்துவர். சில நொடிகளில் முடிந்துவிடும் செயலே அது.

அறியப்படாத கொடையாளர்

இம்மருந்தின் ஆற்றலைக் காட்டிய பெருஞ்சோதனை ஒன்றின் முடிவு 2006-இல் வெளிவந்தது. அதிற் பங்குகொண்டோர் 716 பேர். மூன்றில் இரு பங்கினர் திங்கள்தோறும் மருந்து பெற்றனர். எஞ்சிய 238 பேர்க்கு மருந்து இல்லை. ஊசியற்ற குழலைக் கண்ணின்மேல் வைத்து அழுத்தி, ஊசி போட்டதுபோலவே செய்தனர். எவர்க்கு எது என்பது நோயாளர்க்குத் தெரியாது. ஓராண்டு கழிந்தபின் பார்வைப் பலகையைக் காட்டிச் சோதித்தபோது, 15 எழுத்துகளுக்குக் குறைவாகவே இழந்து பார்வையைக் காத்துக்கொண்டவர் மருந்து பெற்றோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 95, பெறாதோரில் 62. பதினைந்து எழுத்துகளோ அதற்கு மேலோ புதிதாய்ப் படிக்கும் நிலைக்கு உயர்ந்தவர், மிகுந்த அளவு மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 34, பெறாதோரில் 5. பார்வை குன்றாது தடுத்தலே பெரிதென்றிருந்த துறையில், இழந்ததிற் சிறிது மீளவும் கூடும் என்று காட்டிய மருந்து இதுவே.

இவ்வெண்களைப் படித்தபோது என் உள்ளம் அந்த 238 பேரிடத்தே சென்று நின்றது. அவர்கள் முதியோர், பார்வை நாளுக்கு நாள் மங்குவதை உணர்ந்தோர். மருந்தில்லாப் பங்கு தம்மைச் சாரக்கூடும் என்பதை முன்னரே கேட்டறிந்து கையொப்பம் இட்டோர். அவர்கள் இழந்த எழுத்துகளை அளவுகோலாகக் கொண்டே மருந்தின் பயன் அளக்கப்பட்டது. பெராராவுக்கு 2010-இல் லாஸ்கர் பரிசு கிடைத்தது, அது தகுதியே. இவர்களுடைய பெயரோ எந்நூலிலும் இல்லை. மருந்தைக் கண்டவரைப் போற்றும் நாம் இவர்களையும் நினைத்தல் முறையாகும்.

ஒரு தாய் வயிற்று இரு மருந்துகள்

மருந்து பிறந்தது, விலையோ பெரிதாயிற்று. அமெரிக்காவில் ராணிபிசுமாப் அந்நாளில் ஓர் ஊசிக்கு ஏறத்தாழ 2000 டாலராக இருந்தது. திங்கள்தோறும் ஓர் ஊசி எனின் எளியோர் என் செய்வர்? இந்நிலையில், ராணிபிசுமாப் ஒப்புதல் பெறுதற்கு முன்னரே, 2005-ஆம் ஆண்டில், மயாமி நகரத்துக் கண் மருத்துவர் பிலிப் ரோசன்பெல்ட் ஒரு வழி கண்டார். புற்றுநோய்க்கென வந்த பெவசிசுமாப் மருந்தில் மிகச் சிறிதளவைக் கண்ணில் ஊசியாகச் செலுத்திப் பார்த்தார், கசிவு வற்றியது. புற்றுநோயாளர்க்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் தேவைப்பட, கண்ணுக்கு 1.25 மில்லிகிராமே போதியதாயிற்று. எனவே ஒரு குப்பியைப் பல பங்காக்கலாம். ஊசி ஒன்றுக்கு ஏறத்தாழ 50 டாலரே ஆயிற்று. செய்தி பரவவே, பல நாட்டு மருத்துவரும் இம்முறையைக் கைக்கொண்டனர்.

ஆயின் பயனில் இரண்டும் ஒன்றுதானா? இதனைச் சோதித்தறிய அமெரிக்க அரசாங்கத்தைச் சார்ந்த தேசியக் கண் ஆராய்ச்சி நிலையமே பொருளுதவி செய்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரைக்கொண்டு நடத்திய அச்சோதனையின் முதலாண்டு முடிவு 2011-இல் வெளியாயிற்று. ஒரே முறையிற் செலுத்தியபோது இரு மருந்தும் பார்வைக்குச் செய்த நன்மை ஒத்ததே என அது காட்டியது. 2013-இல் உலகச் சுகாதார நிறுவனம் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில், கண்ணுக்குரிய ஊசியாகப் பெவசிசுமாபைச் சேர்த்தது. குப்பியைப் பங்கிடுங்கால் தூய்மை தவறின் கண்ணுள் நச்சுக்கிருமி புகும் அச்சம் உண்டு; ஆதலின் மிக்க விழிப்பு வேண்டும். நம் நாட்டிலும் 2015-இல் ராணிபிசுமாபை ஒத்த மருந்தொன்று ஆக்கப்பட்டு, மூல மருந்தினும் குறைந்த விலைக்கு வந்தது.

விலையை அடுத்த தொல்லை திங்கள்தோறும் மருத்துவமனைக்குச் செல்லுதல். முதியோரை அழைத்துச் செல்ல ஒருவர் வேலையை விட்டு வரவேண்டும். ஆதலின் நெடுநாள் நின்று பயன்தரும் மருந்துகளைத் தேடினர். 2011-இல் ஒப்புதல் பெற்ற அப்லிபர்செப்ட், முதல் மூன்று ஊசிகளுக்குப் பின் இரு திங்களுக்கு ஒருமுறை போதும் என்றாயிற்று. 2022-இல் ஒப்புதல் பெற்ற பாரிசிமாப், சிலர்க்கு நான்கு திங்கள் வரையிலும் நிற்கும். கண்ணே தனக்கு வேண்டிய மருந்தைச் சுரக்குமாறு மரபணுவைச் செலுத்தும் முறையும் சோதனையில் உள்ளது.

உலர் வகைக்கு மருந்து உண்டா?

பாட்டியாரின் இடக்கண்ணில் இருப்பது உலர் வகையின் இடைநிலை. ஆதலின் இப்பகுதியை யான் மிகுந்த ஆவலுடன் படித்தேன்.

2001-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, இடைநிலையிலிருப்போர் வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம், செம்பு ஆகியவற்றைக் குறித்த அளவில் உட்கொள்ளின், ஐந்தாண்டுகளில் நோய் முற்றும் நிலை நூற்றுக்கு 25 அளவு குறைகின்றது எனக் கண்டது. புகை பிடித்திருந்தோர்க்குப் பீட்டா கரோட்டின் நுரையீரற் புற்றுநோயை வருவிக்கக்கூடும் என்னும் அச்சத்தால், அதற்கீடாக லூட்டீன், சீயாசாந்தின் என்பவற்றைச் சேர்த்தல் நன்றென 2013-ஆம் ஆண்டு ஆராய்ச்சி காட்டியது. இவை நோயை ஆற்றுவன அல்ல. அதன் நடையைத் தளர்த்துவனவே.

2005-இல் வேறொரு வாயில் திறந்தது. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் உடலின் காவற் புரதங்களை அடக்கி ஆளும் மரபணு ஒன்று, இந்நோயோடு தொடர்புடையது எனப் பல குழுவினர் ஒரே ஆண்டிற் கண்டனர். காவலரே எல்லை கடந்து வீட்டைக் கொள்ளையிடுவது போன்ற நிலை. அக்காவற் புரதங்களைத் தடுப்பின் நோய் அடங்கும் என எதிர்பார்த்து, லம்பாலிசுமாப் என்னும் மருந்தைச் சோதித்தனர். சிறிய சோதனையில் நம்பிக்கை தந்த அம்மருந்து, 1800-க்கும் மேற்பட்டோரைக்கொண்ட பெருஞ்சோதனைகளில் 2017-இல் தோல்வியுற்றது. பின்னர் 2023-ஆம் ஆண்டில் பெக்செட்டகோபிளான், அவாசின்காப்டட் பெகால் என்னும் இரு மருந்துகள் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இவை அழிவு பரவும் வேகத்தைக் குறைக்கின்றன. ஆயினும் இழந்த பார்வையை மீட்பனவல்ல. சிலர்க்குக் கண்ணில் அழற்சியும் உண்டாகின்றது. நோயாளர் நன்கு காண்கின்றனர் என்பது விளங்கவில்லை என்று ஐரோப்பிய மருந்து ஆணையம் முன்னதை 2024-இல் ஏற்க மறுத்தது. விழித்திரையின் படத்திற் காணும் நன்மையும், வாழ்விற் காணும் நன்மையும் ஒன்றாதல் வேண்டும் என்பது அவர் கருத்து.

நாம் செய்யத்தக்கது

இவையெல்லாம் கற்றபின் பாட்டியாரின் வினாவுக்கு யான் கண்ட விடை இதுவே. மருந்து உண்டு, ஆயின் அது செத்த அணுவை எழுப்பும் மருந்தன்று, சாகாமற் காக்கும் மருந்து. மைக்கேல்சன் ஐயுற்ற பொருளைத் தடுக்கும் மருந்து கண்ணை வந்தடைய ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் சென்றன. அத்துணை நீண்ட வழியைக் கடந்து வந்த மருந்து, என் பாட்டியாரின் வலக்கண்ணுக்கு மட்டும் பயன்படாதொழிந்தது. அறிவின் குறையால் அன்று. வீட்டிலிருந்த எங்கள் நகைப்பினாலும், நாட்களைக் கடத்தியமையாலுமே. 'கண் கெட்ட பின் சூரிய வணக்கம்' என்னும் பழமொழியைப் பள்ளியிற் பலகாலும் எழுதியிருக்கின்றேன். அதன் பொருளை அன்றுதான் கற்றேன்.

ஆதலின், மாணவ நண்பர்களே, மருத்துவம் பயிலாத நம்மாலும் இயல்வதொன்று உண்டு. கட்டம் போட்ட கணக்கு நோட்டின் தாள் ஒன்றை எடுத்து, அதன் நடுவில் ஒரு புள்ளியிடுக. வீட்டிலுள்ள முதியோர் தம் மூக்குக் கண்ணாடியை அணிந்து, ஒரு கண்ணைக் கையால் மூடி, மற்றைக் கண்ணால் அப்புள்ளியை நோக்கட்டும். பின்பு கண்ணை மாற்றி நோக்கட்டும். கோடு வளைந்தாலும், கட்டம் மறைந்தாலும், விடுமுறை வரட்டும் எனக் காத்திராது உடனே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுக. தாள் நேராய்த் தோன்றுதல் ஒன்றே கண் நலத்துக்குச் சான்றாகாது. ஆண்டுதோறும் மருத்துவர் சோதித்தலும் வேண்டும். முதியோர் தம் கண்ணைப் பற்றி ஒன்று கூறின், அதனை முதுமையின் புலம்பல் என்று தள்ளாதிருத்தல் எல்லாவற்றினும் முதன்மையானது.

எங்கள் வீட்டில் நாட்காட்டிக்கு அருகே அத்தகைய தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கின்றது. விடுமுறையில் வீட்டிலிருக்கும் ஞாயிறுதோறும், ஆலயத்துக்குப் புறப்படுமுன், "கோடு நேராய் நிற்கின்றதா, பாட்டி?" என்று கேட்பேன். வலக்கண்ணைக் கையால் மூடிக்கொண்டு சிறிது நேரம் உற்று நோக்கிவிட்டு, "நேராய்த்தான் நிற்கிறது, ஐயா" என்பார். அதன்பின் இடக்கண்ணின் துணைகொண்டு அன்றைய அதிகாரத்தைப் படிக்கத் தொடங்குவார். அவர் படித்து முடிக்கும் வரையில் யான் அருகிலேயே இருப்பேன்.